கிணற்றக்காவின் வலக்காது

செய்திக்கூடத்தில் அவருக்குக் ‘கிணற்றக்கா’ என்று பெயர். உள்ளே போட்டது மேலே வராது. சரிபார்க்கும் மேசையில் இருபத்திரண்டு வருடம். ஓர் அரசியல்வாதியைப் பற்றித் தன் பெயரை வெளியிட விரும்பாத யாராவது வாய் திறந்திருந்தால், எழுதிய நிருபர் அந்த ஆளின் பெயரை அக்காவின் வலக்காதில் மட்டும் சொல்ல வேண்டும். இடக்காது மந்தம். எழுதிக் காட்டினால் வாங்கமாட்டார்.

அன்று நிருபர் கொண்டுவந்தது முதல் பக்கச் செய்தி. பெண் அமைச்சர் ஒருவருக்கு ஞாபகம் தப்புகிறதாம், கூட்டத்தில் கேட்டதையே திரும்பக் கேட்கிறாராம். சொன்னவர் அமைச்சரின் அலுவலகத்து ஆள். அச்சில் வந்தால் அந்த அம்மா மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நிருபர் குனிந்து பெயரைச் சொன்னார். அக்காவின் முகத்தில் எதுவும் அசையவில்லை.

“அந்தம்மா போனா இவருக்கு என்ன கிடைக்கும்? கேட்டீங்களா தம்பி?”

எல்லாரிடமும் கேட்கும் கேள்விதான். நிருபர் படிக்கட்டுப் பக்கம் போய்ப் போன் போட்டுவிட்டு வந்தார்.

“ஒண்ணுமே இல்லையாங்க்கா. நாட்டு நல்லதுக்குச் சொல்றாராம்.”

“அடேயப்பா!” அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. “பொய் தம்பி. அடுத்து வரப்போற அமைச்சர்கிட்ட செயலாளர் நாற்காலி பேசி முடிச்சாச்சு. போன ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு சோபால கால் மேல கால் போட்டுக்கிட்டு அவரே சொன்னாரு. என் கூடப் பொறந்த அண்ணன்.”

நிருபர் கையிலிருந்த செய்தியை மறுபடி ஒருமுறை பார்த்தார்.

“ஞாபக மறதி நிஜமா இருந்தா, அக்கா?”

“இருக்கட்டும். கூட்டத்துல இருந்த நாலு பேரைக் கேளுங்க. அந்தம்மாவையே கேளுங்க. பேர் கேட்டா ஒளிஞ்சுக்கிறவர், தன் ஆதாயத்தையும் ஒளிச்சா எப்படி?”

அக்கா எழுந்து ஆசிரியரின் அறைக்குப் போனார். நிருபர் பின்னாலேயே போனார்.

“சொன்ன ஆளுக்கு இதுல ஆதாயம் இருக்கு, மறைச்சுட்டார். எனக்கு வேண்டியவரும்கூட. அதனால முடிவை நீங்க எடுங்க.”

“யாரு அது?”

“அது காதோட சரி.”

 ஆசிரியர் செய்தியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் குடிநீர்க் குழாய் உடைந்த படத்தைப் போடச் சொன்னார்.

மேசைக்குத் திரும்புவதற்குள் அக்காவின் கைபேசி அடித்தது. அண்ணன். குரல் வெளியே வழிந்தது.

“என்ன பாப்பா, நாளைக்கு உங்க பேப்பர்ல ஏதாவது விசேஷமா?”

 ஒரு வார்த்தை, ஒரு செருமல் போதும், அண்ணன் உஷாராகிவிடுவார்.

“காலையில வாங்கிப் படிச்சுக்கோண்ணே. தங்கச்சிங்கிறதுக்காக ஓசியில கேப்பியா? அண்ணிக்கு முட்டிவலி எப்படி இருக்கு?”

ஐந்து நிமிடம் அண்ணியின் முட்டியைப் பற்றி உண்மையான கவலையோடு கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா போனை வைத்த பிறகும் நிருபர் அந்த வலக்காதையே பார்த்தபடி நின்றார். சின்னக் காது, தேய்ந்துபோன ஒற்றைக்கல் தோடு. எத்தனையோ உயரமான கட்டடங்களை அண்ணாந்து பார்த்திருக்கிறார். எதன் முன்னாலும் இப்படிக் கைகட்டி நின்றதில்லை.