பிரிக்காத மடிப்பு

என் பச்சைப் பாவாடையின் அடிமடிப்பை அம்மா பிரித்த அன்று நான் தரையில் புரண்டு அழுதேன். எனக்கிருந்த ஒரே கௌரவம் அந்த மடிப்புதான்.

இராஜபாளையத்தில் எங்கள் வளவில் பெண் பிள்ளைகளுக்குப் பாவாடையை நீளமாக எடுத்து, அடியில் நாலு விரற்கடை மடித்துத் தைத்துவிடுவார்கள். பிள்ளை வளர வளரப் பிரித்து இறக்குவார்கள். என் வயதுள்ள அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஆறே மாதத்தில் இறக்க வேண்டியதாயிற்று. அவளுக்குத் துணியைப் பத்திரமாகப் போடத் தெரியவில்லை என்பது என் கட்சி. என்னுடையது இரண்டு தீபாவளி தாண்டியும் தைத்தபடியே இருந்தது. அம்மாவும் அதை ஊரெல்லாம் சொல்லிப் பூரித்துப்போவாள்.

ஒருநாள் பால்வாடியில் எங்களைச் சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்தார்கள். சாயங்காலம் என்னைக் கூப்பிட வந்த அம்மாவை டீச்சர் நிறுத்திக்கொண்டார். பேண்டேஜ் கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்த அம்மாவின் தலையெல்லாம் பஞ்சு.

“வயசுக்குத் தக்க வளத்தி இல்லக்கா. நாங்க தார சத்துமாவ இவளுக்குக் குடுக்கியளா?”

“குடுக்காம? வீட்டுல எல்லாரும்தான் திங்கோம். எங்க வகையறாவே குட்டைதான் டீச்சர். ரெண்டு தீவாளியா இதே பாவாடைதான் போடுதா. மடிப்புகூட இன்னும் பிரிக்கல, பாருங்க.”

சொன்ன வேகத்தில் அம்மாவே குனிந்து என் பாவாடையைப் பார்த்தாள். மடிப்பின்மேல் நாலு விரலை வைத்து அளந்தாள், முகம் வாடிப்போனது. அழுக்காக்கிவிட்டேனோ என்று நானும் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது.

அதுவரை சத்துமாவு வந்தால் அடையாகி வீட்டுக்கே பலகாரம். முதல் அடை அப்பாவுக்கு. இப்போது எனக்கு மட்டும் உருண்டை. அப்பா ஒன்றை வாயருகே கொண்டுபோனபோது அம்மா அதட்டினாள்.

“அது அவ வளத்திக்கு. வையுங்க அங்கிட்டு.”

பாவம், அவரும் திரும்ப வைத்துவிட்டார். போதாக்குறைக்கு எனக்குத் தினம் ஒரு முழு முட்டை. இத்தனை சலுகைக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று தெரியவில்லை. தின்னக் கொடுத்துவிட்டு, என் கணுக்காலைப் பார்த்து ஏன் பெருமூச்சு விடுகிறாள் என்பதும் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

மறு ஆடியில் ஸ்ரீவில்லிபுத்தூர் தேருக்குப் புறப்பட்டோம். பாவாடையைக் கட்டிவிட்ட அம்மா, கணுக்கால் வெளியே தெரிவதைப் பார்த்ததும், அதை அவிழ்த்துப் பிளேடால் மடிப்பைப் பிரித்தாள். வெளுத்த பாவாடைக்கு அடியில் பளிச்சென்று ஒரு பச்சைப் பட்டை. அசிங்கம்.

“ஏட்டி, அழாதட்டி. வளந்துட்ட!”

சொல்லும்போதே அவளும் அழுதாள்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடமும் தேரடி வளையல்காரரிடமும் அந்தப் பட்டையை இழுத்து இழுத்துச் சிரித்தபடி காட்டினாள். நான் கையால் மறைத்துக்கொண்டே நடந்தேன். தேர் நகர்ந்து கூட்டமே கைகூப்பியபோதும் அம்மாவின் பார்வை என் காலடியிலேயே இருந்தது. இத்தனை நாள் பிரிக்காததைச் சொல்லிப் பெருமைப்பட்டவள், பிரித்ததற்கு ஏன் இப்படிச் சிரிக்கிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை. வீட்டுக்குப் போனதும் எப்படியாவது கெஞ்சி மறுபடி மடித்துத் தைத்துத் தரச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.