வலியில்லாத நாளில் காட்டிய கால்

ஆயத்த ஆடைக் கம்பெனியில் அவளுக்கு 'நடிகை' என்று பட்டப்பெயர். மாதம் தவறாமல் சில நாட்கள் வலது காலை இழுத்துக்கொண்டு வருவாள். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி விறுவிறுவென்று நடப்பாள். "சினிமாவுக்குப் போயிருந்தா எங்கேயோ போயிருப்பே," என்பார் சூப்பர்வைசர். பக்கத்து மெஷின்காரிகள் சிரிப்பார்கள். மனசாட்சியைக் கழற்றி வைத்துவிட்டு வேலைக்கு வந்த கூட்டம்! தையல் மெஷினை மிதிப்பது அந்தக் கால்தான். கால் போனால் பிழைப்பும் போச்சு என்பது அவளைத் தவிர யாருக்கும் உறைக்கவில்லை.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. ஆனால் துணைக்கு வரும் அக்கா ஒரு சட்டம் வைத்திருந்தாள். "அந்த நாள்ல போய்ப் படுத்தா டாக்டருக்கே அருவருப்பா இருக்கும்டி. முடியட்டும், போலாம்." முடிந்ததும் போவார்கள். அதற்குள் வலியும் போயிருக்கும். நடந்து காட்டச் சொன்னால் நன்றாகவே நடப்பாள். முதுகைப் படம் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்பார்கள். மாதவிலக்கோடுதான் வலி வருகிறது என்று சொல்ல அவளுக்குக் கூச்சம்.

இப்போது பாதத்தையே தூக்க முடியவில்லை. செருப்பு கழன்று கழன்று விழுந்தது. பயத்தில் கூச்சம் பறந்துவிட்டது. அக்கா தடுக்கத் தடுக்க, அந்த நாளிலேயே பெண்கள் டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் ஸ்கேனுக்கு அனுப்பினார்.

உள்ளே செலுத்திய கருவியை ஸ்கேன் டாக்டர் மெல்ல ஒரு பக்கமாக அழுத்தினார். இடுப்பிலிருந்து குதிகால் வரை சுரீரென்று இழுத்தது.

"அங்கதான் டாக்டர்!"

"கர்ப்பப்பையோட உள்பூச்சு மாதிரி ஒண்ணு வெளியில வளர்ந்து, காலுக்குப் போற நரம்பைப் பிடிச்சிருக்கும்மா. இதோ, திரையில தெரியுதே, இந்தக் கறுப்புத் திட்டு. மாசாமாசம் அதுவும் வீங்கும். அதான் வலி."

"அப்போ நான் நடிக்கலையே?"

"யாரு சொன்னா நடிப்புன்னு?"

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வியாதி இருக்கிறது என்பதில் இவ்வளவு நிம்மதியா! "ஆபரேஷன் பண்ணா கால் பழையபடி ஆயிடுமா?"

டாக்டர் கருவியை வெளியே எடுத்து வைத்தார். "வலி குறையும். பலம் எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது. நரம்பு ரொம்ப நாளா நசுங்கியிருக்கு. வலிக்கிறப்பவே வந்து காட்டியிருக்கலாமே?"

வெளியே அக்கா எழுந்து வந்தாள். "என்னடி, ஒண்ணுமில்லன்னுதானே சொன்னாங்க?"

"இருக்காம்க்கா."

எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரின் கடைசிக் கேள்வியை மட்டும் விழுங்கிவிட்டாள். நாலடி நடப்பதற்குள் செருப்பு மறுபடி கழன்றது. அக்கா குனிந்து மாட்டிவிட்டாள். குனிந்தவள் நிமிரவில்லை.

"நான்தானேடி உன்னைப் போக விடலை?"

இல்லை என்று சொல்லத்தான் அவள் நினைத்தாள். "எந்திரிக்கா, போலாம்," என்று மட்டும்தான் வந்தது.