டிராகனுக்கு இன்னும் ஒரே அடி

இன்று திருச்செங்கோட்டிலிருந்து சேலம் வரும் பஸ்ஸில் செல்போனில் பின்பால் கேம் விளையாடிக்கொண்டிருந்தேன். சாதாரண பின்பால் இல்லை. இதில் உருண்டைதான் வீரன். கீழே உள்ள இரண்டு துடுப்புகளால் அவனை மேலே அடித்து அடித்துப் பூதங்களைக் கொல்ல வேண்டும். நடுவில் இருக்கும் குழிக்குள் விழுந்தால் ஆள் காலி.

மூன்று நாளாக ஒரு டிராகனிடம் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்து சீட்டில் ஓர் அண்ணன். போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலையாம், லீவில் வந்திருக்கிறார். வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ஏனுங்க, உருண்டை அதுபாட்டுக்குக் குழிக்குப் போவுது. நீங்க ஏனுங்க தடுத்துட்டே இருக்கறீங்க?”

“உழுந்தா செத்துப்போயிருவானுங்கண்ணா.”

“அப்படீங்களா” என்றார். ஆனாலும் அவருக்கு மனசு ஆறவில்லை.

டிராகனுக்கு இன்னும் ஒரே அடி. எனக்கும் மிச்சம் ஒரே உயிர். பஸ் குலுக்கிய குலுக்கலில் வலது கையால் கம்பியைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

“அண்ணா, வலது துடுப்ப நீங்க அடிங்க.”

உருண்டை அவர் பக்கம்தான் வந்தது. விரலைத் தூக்கியபடியே, அது குழிக்குள் இறங்குவதை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்கண்ணா, அடிக்கலீங்களா?”

“மறந்துட்டனுங்க. இருவது வருசமா குழிக்குள்ள பைப்பு எறக்கியே பழக்கமாயிருச்சு.”

திரை இருண்டுபோயிற்று. அதையே சற்று நேரம் பார்த்தார்.

“இங்க தண்ணி இல்லீங்க. வேற பாயிண்டு பாருங்க” என்று சொல்லிவிட்டுச் சங்ககிரியில் இறங்கிப்போனார்.

உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டப் பாயிண்டு பார்க்கத் தெரிந்தவர்கள் கமெண்டில் வரவும். தேங்காய் நான் வாங்கி வைக்கிறேன்.