மழைமானியில் வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

எழுபதுகளின் தொடக்கத்தில் திருச்சுழிப் பக்கம் ஒரு பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் எனக்குக் கிளார்க் வேலை கிடைத்தது. டெம்ப்ரவரி. அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலேகூட வீட்டுக்கு அனுப்பலாம். அதனால் ஆபீசில் யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் சந்தேகம். சிரிக்காவிட்டால் அதைவிடச் சந்தேகம். பியூன் டீ வாங்கி வந்தால், இவன் எதற்கு வாங்கி வருகிறான் என்று யோசித்து முடிப்பதற்குள் டீ ஆறிப்போகும்.

சேர்ந்த அன்றே ஹெட் கிளார்க் என்னை ஆபீசுக்குப் பின்னால் கூட்டிப்போனார். இடுப்பளவு கம்பிவேலிக்குள் புனல் வைத்த மழைமானி ஒன்று நின்றது. தினமும் காலையில் அதில் எவ்வளவு மழைத் தண்ணீர் விழுந்திருக்கிறது என்று அளந்து எழுத வேண்டும்.

"புதுசா வந்தவுக வேலைப்பா இது. நாங்களும் இதுலதான் ஆரம்பிச்சோம்" என்று தோளில் தட்டினார்.

அவருடைய மச்சான் மகன் வேலை தேடிக்கொண்டிருக்கிறான் என்று பியூன் ஏற்கெனவே என் காதில் போட்டிருந்தான். தட்டிய கை எனக்கு நல்ல கையாகப் படவில்லை. அந்த ஆபீசில் நான் சந்தேகப்படாத ஒரே ஆள், கூட்டிப் பெருக்குகிற அம்மாதான். அவரும் என்னைப் போல டெம்ப்ரவரி. என் நாற்காலியால் அவருக்கு என்ன லாபம்?

அந்த வருஷம் வானம் கைவிட்டுவிட்டது. கரிசலில் பருத்தி முழங்கால் உயரம்கூட வராமல் கருகியது. எம்.ரெட்டியபட்டியிலிருந்து, வெள்ளாமை பார்க்கிற சம்சாரிகள் சிலர் என்னைத் தேடி வந்தார்கள்.

"மழை இல்லன்னு எழுதுனாத்தான் வரி தள்ளுபடி ஆகுமாம். பாத்து எழுதுங்க சார்."

"இதுல பாத்து எழுத என்ன இருக்கு? இல்லாதத இல்லன்னுதான் எழுதுவேன்" என்று வீறாப்பாகச் சொல்லி அனுப்பினேன்.

சொல்லி வாய் மூடவில்லை, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் புனலைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே தண்ணீர்! சுற்றிலும் புழுதி பறக்கிறது. நான் குடியிருந்த பாளையம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்த வழியெல்லாம் ஒரு பொட்டு ஈரம் இல்லை. மழை என்று எழுதினால் சம்சாரி வயிற்றில் அடித்தவனாவேன். இல்லை என்று எழுதி, அந்த நேரம் பார்த்து எவனாவது அதிகாரி வந்து புனலைத் தூக்கினால் என் சீட்டு கிழியும். தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டு, இல்லை என்றே எழுதினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே கதை.

எனக்கு உலை வைக்கிறார்கள் என்பது உறுதியாகிவிட்டது. "என்னப்பா, மழை உண்டுமா?" என்று ஹெட் கிளார்க் தினமும் கேட்பார். ஊரே ஒருவரை ஒருவர் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. ஆனால் அவர் கேட்கும்போது மட்டும் உதட்டோரம் ஏதோ ஒளிந்திருப்பதாக எனக்குப் பட்டது. பியூனிடம் பேசுவதைக் குறைத்தேன். அவன் முறைத்தான். அகப்பட்டுக்கொண்டான் என்று நினைத்தேன்.

மறு வெள்ளி முதல் பஸ்ஸில் வந்து ஜீப் ஷெட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பெருக்கி முடித்த அம்மா, ஒரு சொம்போடு வேலியருகே போனார். அக்கம்பக்கம் பார்க்கக்கூட இல்லை. புனலில் கவிழ்த்தார்.

"யாரு ஊத்தச் சொன்னது?" என்று கத்திக்கொண்டு ஓடினேன். "ஹெட் கிளார்க் என்ன குடுத்தாரு?"

"அடி ஆத்தி! அவுக எனக்கு என்னத்தக் குடுக்கப் போறாக? நானாத்தேன் ஊத்துனேன்" என்றார். "உங்களுக்கு முன்னால இங்கன ரெண்டு பேரு இருந்தாக சார். அவுகளும் இப்படித்தேன் தெனமும் இந்தப் புனலு வச்ச போணிக்குள்ள எட்டிப் பாப்பாக. ஒண்ணும் இருக்காது. மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போவாக. கடைசியில வேலைய விட்டே அனுப்பிட்டாக. நீங்க புள்ளகுட்டிக்காரரு. வெள்ளிக்கிழமையும் அதுவுமா வெறும் போணியப் பாக்க வேணாம்னு ஒரு சொம்பு ஊத்துனேன். மழ பேஞ்சுருக்குன்னு எழுதுனா வேல நெலைக்கும்ல?"

குடிக்கிற தண்ணீருக்கே அரை மைல் நடக்கிற ஊரில், எனக்காக ஒரு சொம்பு. சிரிப்பும் வந்தது, கத்தியதற்கு வெட்கமாகவும் இருந்தது.

"மழைக்கும் என் வேலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லம்மா. நீங்க ஊத்துனத நான் கீழதான் கொட்டுனேன். இனிமே ஊத்தாதீக."

"சரி சார்" என்றார். நான் எதையோ மறைக்கிறேன் என்பதுபோல என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதன் பிறகு புனலுக்குள் புழுதி மட்டும்தான் இருந்தது. தினமும் இல்லை, இல்லை என்று எழுதினேன்.

வரி தள்ளுபடி ஆனது. சம்சாரிகள் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாளில் ஹெட் கிளார்க் கூப்பிட்டு, "உக்காருப்பா" என்றார். அவர் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. உட்காரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"வரி வந்தாத்தானே யூனியனுக்கு அதுல பங்கு வரும்? அதத்தான் தள்ளுபடி பண்ணிட்டாகளே. வருமானம் இல்ல, டெம்ப்ரவரி ஆளுகள நிறுத்துங்கன்னு மேல இருந்து உத்தரவு."

"உங்க மச்சான் மகனுக்காகவா சார்?" கேட்டேவிட்டேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. "அவன் மில்லு வேலைக்குப் போயி மாசக்கணக்காச்சு. உன்னைய மட்டுமாவது வச்சுக்கிறோம்னு நான் கேட்டுப் பாத்தேன். முடியாதுன்னுட்டாக."

அவர் சொன்னது நிஜம்தானா என்று பஸ் ஸ்டாப் வரைக்கும் யோசித்துக்கொண்டே போனேன். அங்கே வேப்பமர நிழலில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். கூட்டிப் பெருக்கவும் இனி ஆள் வேண்டாமாம்.

"எதனால சார் நிறுத்துனாக?" என்று கேட்டார்.

"மழை இல்லையாம்."

அவர் கோபப்படவில்லை. நகர்ந்து எனக்கும் நிழலில் இடம் விட்டார்.

"நாந்தேன் அன்னைக்கே ஊத்துனேன்ல சார். நீங்கதேன் கீழ கொட்டிட்டீக."