கொடிக்கம்பி தின்ற ஒயர்: வெள்ளிமலை இறக்கத்தில் ஒரு ஸ்கூட்டர்

"இல்லடா கோயிந்தா, வண்டி மேல பழி போடாத. டப்பா வண்டிதான், ஒத்துக்கிறேன். ஆனா அது அன்னிக்கு நின்னது நீ கட்டுன கொடியால."

கோயிந்தன் என் மனைவியின் தம்பி. போன மாதம் திருநாவலூரில் ஒரு கல்யாணப் பந்தியில், மாமா வண்டியால்தான் அந்தப் பெண்ணின் வாழ்க்கை போச்சு என்று பாயசம் குடித்துக்கொண்டே சொன்னானாம். நான் அங்கே இல்லை. அதனால் இங்கே பதில் எழுதுகிறேன். கல்வராயன் மலைக்குப் பழைய ஸ்கூட்டரில் போகிறவர்களுக்கும் உதவும்.

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருடங்கள் அவை. மரங்களை வெட்டி ரோட்டில் போட்டிருந்தார்கள். பஸ் ஓடவில்லை. எனக்குக் காட்டுக் கடுக்காய் மூட்டை விற்கும் வெள்ளிமலை வெள்ளையனின் மகள் செல்விக்குக் கள்ளக்குறிச்சியில் நர்ஸ் பயிற்சிக்கு நேர்காணல். மலைவாழ் மக்களுக்கு என்று ஒதுக்கிய ஒரே ஒரு இடம். பகல் பன்னிரண்டுக்குள் போய் நிற்காவிட்டால் கைவிட்டுப் போய்விடும். நான் கூட்டி வருகிறேன் என்று வாயை விட்டேன்.

மறியல்காரர்களில் கோயிந்தனும் ஒருவன். கொடி இல்லாத வண்டியை அப்போது விட மாட்டார்கள்; பால்காரர் சைக்கிளில்கூடக் கொடி பறந்தது. என் வண்டிக்கு அவனே கட்டினான். கயிற்றில் இல்லை, கட்டுக்கம்பியில். ஹேண்டிலின் கழுத்தில், ஒயரெல்லாம் உள்ளே போகிற இடத்தில், கட்டிங்பிளேயரால் முறுக்கி இறுக்கினான். "காத்துல பறந்துடக் கூடாது பாரு மாமா" என்றான். மாமாவே பறந்துவிட்டால் பரவாயில்லை போலிருக்கிறது.

கள்ளக்குறிச்சியிலிருந்து விடியும் முன்னே கிளம்பினேன். கச்சிராயபாளையத்துக்கு முன்னால் இரண்டு இடத்தில் மரம். கரும்புத் தோட்டத்து வரப்பில் இறங்கி ஏறினேன். கோமுகி அணைப் பக்கம் ஒரு டீ. மலை உச்சி வரைக்கும் மொத்தம் ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி என்று நினைக்கிறேன். கிலோமீட்டர் காட்டும் எண் என் வண்டியில் என்றைக்கும் நகர்ந்ததில்லை. எட்டரைக்கு வெள்ளிமலை.

வெள்ளையன், செல்வி, நான் என்று மூன்று பேரும் வண்டியில் ஏறி மலை இறங்க ஆரம்பித்தோம். செல்வி என் தோளை இறுக்கிப் பிடித்தாள். இந்தப் பிடி பிடித்து ஊசி போட்டால் நோயாளி எழுந்து ஓடிவிடுவான் என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

பாதி மலையில், வலப்பக்கம் திரும்பும் ஒரு வளைவில் வண்டி நின்றது.

பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். அதை வண்டியின் இரும்பு பாடியில் தொட வைத்துக் கிக்கரை உதைத்தேன், பொறி இல்லை. மாற்றுப் பிளக் போட்டேன், இல்லை. பெட்ரோலை மோந்து பார்த்தேன், பொறிக்குக் கரண்ட் தரும் காயிலைத் தட்டினேன், வண்டியின் பழைய பாகங்களையெல்லாம் திட்டினேன். வெயில் ஏறியது. கடைசியில் செல்வியை ஹேண்டிலைப் பிடிக்கச் சொல்லிவிட்டு உதைத்தேன். நீலப்பொறி வந்தது! அடுத்த உதைக்கு இல்லை. அதற்குள் அவள், ஏதாவது வண்டி வருகிறதா என்று ரோட்டைப் பார்க்க, ஹேண்டிலையும் சேர்த்து வலப்பக்கம் திருப்பியிருந்தாள்.

அப்போதுதான் கொடியைப் பார்த்தேன். என்ஜினை அணைக்கிற சுவிட்சுக்குப் போகிற ஒயரைக் கம்பி கடித்திருந்தது. ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் ரப்பர் தேய்ந்து, இறங்கும்போது உள்ளே இருந்த செம்பு பாடியைத் தொட்டுவிட்டது. தொட்டால் பொறி செத்துப்போகும். கம்பியை அறுத்து, ஒயரைத் துணியால் சுற்றினேன். ஒரே உதையில் வண்டி உறுமியது.

வெள்ளையன் மணி கேட்டார். பன்னண்டே கால் என்றேன். கெஞ்சிப் பார்க்கலாம், ஏறுங்க என்றேன். அவர் ஏறவில்லை. செல்வி கீழே கிடந்த கொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்களுக்கு எடம் கெடச்சுதுன்னா ரோட்ட வுட்ருவாங்களா?" என்று கேட்டாள்.

நான் அறுத்த கம்பியைக் கையில் எடுத்தேன். வண்டியைப் பற்றிப் பேசினேன்.

"இத பாரு வெள்ளையா, இனிமே எவன் கொடி கட்ட வந்தாலும் கயித்துலதான் கட்டச் சொல்லணும். திரும்பற எடத்துல நின்னுச்சுன்னா, பிளக்கக் கழட்டிக்கினு ஒக்காரக் கூடாது. மொதல்ல ஹேண்டில நேரா வெச்சி..."

வெள்ளையன் மகளின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். இருவரும் ஊரைப் பார்த்து மேலே நடந்துகொண்டிருந்தார்கள்.

"...நேரா வெச்சி ஒரு ஒத, திருப்பி வெச்சி ஒரு ஒத. அதுலயே தெரிஞ்சுடும், இன்னா..."

வளைவு தாண்டிவிட்டார்கள்.