நூற்றிருபது அடி

காலை 6.40. திருமயிலை ரயில் நிலையம். சிந்தாதிரிப்பேட்டைக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். எழுபத்தெட்டு வயதில் நான் கிளம்பிய பயணம் சில கிலோமீட்டர்தான். கிளம்புவதற்கு ஐம்பத்திரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

7.05. இறங்கிய நிலையத்தின் வாசலில் தம்பி சுந்தரம் நின்றிருந்தான். சிந்தாதிரிப்பேட்டையில் சைக்கிள் கடை வைத்துப் பிழைத்தவன். காரணம் சொல்லாமல் வரச் சொல்லியிருந்தேன்.

"இன்னாண்ணே, காலங்காத்தால? சொத்து எழுதி வைக்கப் போறியா?"

தீவுத்திடலுக்கு ஆட்டோ எண்பது ரூபாய். தம்பி பேசி எழுபதுக்கு இறக்கினான்.

"பொருட்காட்சி முடிஞ்சி போச்சே நைனா," என்றார் ஓட்டுநர்.

"நாங்களே பொருட்காட்சிதான், நீ ஓட்டு," என்றான் தம்பி.

7.25. திடல் காலி. கம்பம் நட்ட குழிகள் மட்டும் மூடப்படாமல் கிடந்தன. நூறு வருடத்துக்கு முன்பே, மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஒருவர், தான் உருவாக்கிய விமானத்தை இங்கே ஊர் பார்க்கப் பறக்கவிட்டார். அதற்குச் சில வருடம் முன்பு, அமெரிக்காவில் சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணன் தம்பி இருவர், இயந்திரத்தின் பலத்தால் முதன்முதலில் பறந்தார்கள். பன்னிரண்டு நொடி. நூற்றிருபது அடி. தம்பியிடம் இதைச் சொல்லிக்கொண்டே, என் துணிப்பையைத் தரையில் வைத்துவிட்டு, தப்படிக்கு இரண்டரை அடி கணக்கில் அவனோடு நாற்பத்தெட்டு தப்படி நடந்தேன். திரும்பிப் பார்த்தால் பை அதோ இருக்கிறது. மனிதன் மண்ணை விட்டு விலகிய தூரம் இவ்வளவுதான்.

அங்கே நின்றுதான் சொன்னேன்.

இருபத்துமூன்று வயதில் சுந்தரம், கடைக்குப் பின்னால் மூங்கிலும் காடாத் துணியும் பழைய மோட்டார் சைக்கிள் இஞ்சினும் கொண்டு ஒரு விமானம் கட்டினான். எடையையும் இறக்கை அளவையும் எழுதி, பொறியியல் படித்த என்னிடம் கொடுத்தான். பறக்குமா என்று கணக்குப் போட்டுச் சொல்லச் சொன்னான். இரண்டு முறை போட்டேன். இரண்டு முறையும் எழும்பும் என்றே வந்தது. எழும்பாது என்று சொன்னேன். பத்தாவது தேறாதவன் பறக்க, படித்தவன் அண்ணாந்து பார்ப்பதா என்ற பொறாமை. வேறு காரணம் இல்லை. என் பேச்சை நம்பி அவன் மறுநாளே பிரித்துப்போட்டான். மூங்கில் பந்தலுக்குப் போயிற்று. துணி வெகுநாள் சைக்கிள் துடைக்க உதவியது.

அவன் பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு தபாவும் எழும்பும்னு வந்துச்சா?"

"ரெண்டு தடவையும்."

"எவ்ளோ தூரம் போவும்னு?"

"அதப் போட்டுப் பாக்கல."

பையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்: "அந்த அண்ணன் தம்பில யாரு பறந்தது?"

"தம்பி. அண்ணன் றெக்கையப் புடிச்சிக்கிட்டுக் கூடவே ஓடுனாரு."

"அந்த அண்ணன் ஓடிக்கீறாரு," என்றான்.

பிறகு பையை நோக்கி நடந்தான், வேகமாக. நான் பின்னால் ஓடினேன். முட்டி இரண்டும் வலித்தன. அவன் நடையைக் குறைக்கவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"இப்ப ஓடி இன்னா பிரயோஜனம்," என்றான்.

ஆனாலும், எனக்கு மூச்சு வாங்கி அடங்கும்வரை நின்றான்.