சாவிக்குக் கை நீட்டாதவர்

போன வருடம் கார்த்திகை மாதம் திண்டுக்கல்லில் நடந்தது இது. இப்போது எழுத உட்கார்ந்தாலும் எனக்குக் காதெல்லாம் சூடாகிறது.

கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுவதுதான் எங்கள் பிழைப்பு. சக்கரம் வைத்த பெரிய ஜெனரேட்டர். அதைப் பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போய் மண்டப வாசலில் நிறுத்த வேண்டும். என் கணவருக்கு முதுகுத்தண்டில் கோளாறு வந்து, இனி வண்டியே ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு ஸ்டியரிங் என் கைக்கு வந்தது. நாலு வருடமாக நான்தான் ஓட்டுகிறேன்.

எங்கள் பழைய வண்டி ஒரு நாள் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. தை பிறந்தால் வரிசையாக முகூர்த்தம். வாடகை டிராக்டர் வைத்து இழுத்தால் கிடைப்பது அதற்கே சரியாகப் போகும். அதற்குள் ஒரு வண்டி வாங்காவிட்டால், எங்களை நம்பியிருந்த மண்டபக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

புது வண்டிக்கு எங்களிடம் வசதியில்லை. பைபாஸ் ஓரத்தில் பழைய வண்டி விற்கும் தரகர் ஒருவரிடம் நல்ல டீசல் பிக்கப் நிற்பதாகக் கேள்விப்பட்டேன். பாரம் இழுக்கவும் ஆகும், மற்ற நாளில் மார்க்கெட்டுக்கும் பிள்ளைகளை டியூஷனில் விடவும் ஓட்டிக்கொள்ளலாம். தனியாகப் போனால் மதிக்க மாட்டார்கள் என்று என் கணவர் கொழுந்தனையும் கூட அனுப்பினார். கொழுந்தன் சின்னாளபட்டியில் தறி நெய்கிறவர். மொபெட்டைத் தவிர வேறு எதையும் ஓட்டியவர் இல்லை. எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது, ஆனாலும் அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கணவர் சொன்னது அப்படியே நடந்தது. கேள்வி கேட்பது நான், பதில் போவது கொழுந்தனுக்கு. இன்ஜின் வேலை பார்த்ததா என்று நான் கேட்டால், தரகர் அவர் தோளில் கை போட்டு பானெட்டைத் திறந்து காட்டுகிறார். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு கூல்டிரிங்க்ஸும் வந்தன. கொழுந்தன் பாவம், பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் ஓட்டிப் பார்க்கச் சொல்லிச் சாவியை அவர் கையில் திணித்தபோதுதான், "மதினிதாங்க ஓட்டுவாங்க, எனக்கு இதெல்லாம் தெரியாது" என்று உண்மையைச் சொன்னார். தரகர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை நான் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்.

வெறும் வண்டியாக ஓட்டியபோது நன்றாகத்தான் ஓடியது. ஆனால் பின்னால் பாரம் மாட்டுகிற கொக்கியைப் பார்த்தேன். உள்பக்கம் தேய்ந்து பளபளவென்று இருந்தது. ஒரு டாக்டரின் தோட்டத்து வண்டி, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எடுப்பார் என்று தரகர் சொல்லியிருந்தார். அப்படியானால் கொக்கி எப்படித் தேய்ந்தது என்று கேட்டேன். டாக்டர் எப்போதாவது தண்ணீர் டேங்கர் இழுத்திருப்பார் என்று தரகர் கொழுந்தனிடம் பதில் சொன்னார். ஜெனரேட்டரை மாட்டி மேம்பாலத்தில் ஏற்றிப் பார்க்காமல் அட்வான்ஸ் தர முடியாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

"எதுக்கு சார் அதெல்லாம்? தங்கச்சி ரொம்பப் பயப்படுது போல" என்றார், அப்போதும் கொழுந்தனைப் பார்த்துத்தான்.

நாகல் நகரில் எங்கள் வீட்டுக்கு வந்து ஜெனரேட்டரை மாட்டினோம். தரகர் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார், கொழுந்தன் பின்னால் ஏறிக்கொண்டார். ரயில்வே மேம்பாலத்தில் பாதி மேடு ஏறியதும் இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. கிளட்ச் கருகும் வாடை மூக்கைத் துளைத்தது. பிரேக்கை மிதித்து நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் அது சும்மா வந்தது. கால் பிரேக்கை முழுக்க மிதித்தும் பின்பாரம் வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுத்தது. கண்ணாடியில் பார்க்கிறேன், ஜெனரேட்டருக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு ஒரு ஆட்டோ.

முதலில் கதவைத் திறந்து குதித்தவர் தரகர். கொழுந்தனும் குதித்தார், ஆனால் அவர் ஓடிப்போய் ஓரத்தில் கிடந்த பெரிய கல்லைத் தூக்கி வந்து சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். வண்டி நின்றது. ஆட்டோவும் பின்வாங்கிக்கொண்டது. ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. ஸ்டியரிங்கில் ஒரு பெண் இருந்தாள், அவர்களுக்கு அது போதும். மேட்டில் கிளட்சை மிதித்துக்கொண்டே ஓட்டினால் இப்படித்தான் ஆகும் என்றார் ஒருவர். லைசென்ஸ் இருக்கிறதா என்று இன்னொருவர். பின்னால் நின்ற டவுன் பஸ் டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என் கணவரைத் திட்டினார், பெண்டாட்டியிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறானாம். தரகருக்குக் கேட்க வேண்டுமா? நல்ல வண்டியைக் கெடுத்துவிட்டேன், கிளட்சுக்கு நான்தான் காசு தர வேண்டும் என்று கூட்டத்திடம் முறையிட ஆரம்பித்துவிட்டார்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். கல்லைப் போட்டுக் காப்பாற்றிய கொழுந்தன் கிட்டே வந்து மெதுவாக, "மதினி, கிளட்ச்சுல கால வச்சுட்டீங்களோ?" என்று கேட்டார். அங்கேதான் உடைந்துபோனேன். இருக்குமோ என்று எனக்கே தோன்றிவிட்டது. நாலு வருடமாக அதே பாலத்தில் அதே ஜெனரேட்டரை ஏற்றி இறக்கியவள் நான்.

பிறகு என்ன வேகம் வந்ததோ தெரியவில்லை. வண்டியை கியரில் போட்டு இன்ஜினை அணைத்து இறங்கினேன். சாவியைத் தரகர் முன்னால் நீட்டினேன்.

"அண்ணே, எனக்கு ஓட்டத் தெரியலைன்னே வச்சுக்குவோம். நீங்க ஏறி ஓட்டிக் காட்டுங்க. மேல ஏத்திட்டீங்கன்னா இப்பவே முழுப் பணமும் தாரேன்."

அவர் சாவியைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார். மூட்டு வலி என்றார். சரி, கூட்டத்தில் யாராவது ஓட்டுங்கள் என்றேன். இம்புட்டு நேரம் எனக்கு கிளட்ச் பாடம் எடுத்த ஒருவரும் முன்னால் வரவில்லை. ஆளுக்கு ஒரு வேலை இருந்ததுபோல ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். தப்பாகப் பேசிவிட்டோம் என்று ஒரு வாய் சொல்லவில்லை. கொழுந்தன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, வண்டியையும் ஜெனரேட்டரையும் இழுத்துப் போக டிராக்டர்காரருக்கு போன் போட்டார்.

தை மாதத்துக்கு முன்னாலேயே ஒட்டன்சத்திரத்தில் காய்கறி வியாபாரி ஒருவரிடம் வேறு வண்டி வாங்கிவிட்டோம். நான் கேட்பதற்கு முன்பே அவர், "பாரத்தோட ஓட்டிப் பாருங்க" என்று சாவியை என்னிடம்தான் கொடுத்தார். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, ஓட்டப்போகிறவளிடம் கொடுத்தார், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' கிடைப்பதற்குத்தான் பெண்களுக்கு இத்தனை பாடு.

இப்போதும் முகூர்த்த நாளில் ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு அதே மேம்பாலம் ஏறுகிறேன். தரகர்மேல் இருந்த கோபம் எப்போதோ ஆறிவிட்டது. நாலு பேர் சொன்னதைக் கேட்டு என் காலை நானே சந்தேகப்பட்டேனே, அந்த ஒரு நிமிடத்தின்மேல் இருக்கும் கோபம் மட்டும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.